இரண்டு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால்

சேர்வராயன் கோயிலுக்குள் முதுகை வளைக்காமல் போக முடியாது. கோயில் என்று பெயர், இருப்பது ஒரு குகை. ஏற்காட்டின் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில் இருக்கும் மலை உச்சிக்கு வந்தால், பாறைக்குள் குறுகலாகவும் இருட்டாகவும் சந்நிதி இருக்கிறது. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்து சேரும். மற்ற நாட்களில் சேலத்துக்காரர்களும் சுற்றுலா வருகிறவர்களும். யாராக இருந்தாலும் உள்ளே குனிந்தாக வேண்டும். குனிகிற நேரத்தில் சட்டையின் மேல்பை வாய் கீழே சாய்கிறது. பைக்குள் இருப்பது 200 கிராம் எடையுள்ள செல்போன். மீதியை இயற்பியல் பார்த்துக்கொள்ளும்.

குனிந்த நிலையில் மேல்பை தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து விழ 0.45 விநாடி போதும். ‘ஐயோ’ என்று சொல்லி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். தரையைத் தொடும்போது போனின் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். அதனிடம் இருக்கும் ஆற்றல் இரண்டு ஜூல், அவ்வளவுதான். இந்த அற்ப ஆற்றலா ஆறாயிரம் ரூபாய் டிஸ்ப்ளேயைச் சிலந்தி வலையாக்குகிறது என்று கேட்கத் தோன்றும். ஆற்றல் அற்பம்தான். ஆனால் அது எவ்வளவு தூரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணக்கு மிகவும் எளிது. விழுந்த உயரத்தை, தரையைத் தொட்ட பிறகு நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுக்க வேண்டும். போன் தன் எடையைப் போல் எத்தனை மடங்கு விசையைத் தாங்கியது என்று வந்துவிடும். உறை எதுவும் இல்லாத போன் பாறைமேல் விழுகிறது. பாறையும் நசுங்காது, கண்ணாடியும் நசுங்காது. எல்லாம் சேர்ந்து அரை மில்லிமீட்டர் வளைந்து கொடுத்தாலே பெரிது. 1,000 மில்லிமீட்டரை அரையால் வகுத்தால் 2,000. இருநூறு கிராம் போனின் ஒரு மூலைமேல் சராசரியாக 400 கிலோ எடைக்குச் சமமான விசை, கால் மில்லிவிநாடிக்கு. இப்போது அதே போனுக்கு இரண்டு மில்லிமீட்டர் நசுங்கக்கூடிய ஒரு உறை போடுங்கள். 1,000-ஐ இரண்டால் வகுத்தால் 500. விசை 100 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. போன் சுழன்றுகொண்டு விழுமா, நேராக விழுமா என்பதைப் பொறுத்து நிஜ எண்கள் மாறும். உச்ச விசை சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் விகிதம் பொய் சொல்லாது. நசுங்கும் தூரம் நான்கு மடங்கானால் அடி நான்கில் ஒரு பங்காகிறது.

ஆக, உறையின் முதல் வேலை மோதலை நீட்டிப்பது. இதைக் கடைக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடையில் நம்மிடம் விற்கப்படுவது வேறொன்று: கடினம். சேலத்தில் ஒரு கடைக்காரத் தம்பி என் முன்னால் ஒரு உறையை எடுத்து மேசைமேல் ‘டொக் டொக்’ என்று தட்டிக் காட்டினார். “சத்தத்தக் கேளுங்கண்ணா, கல்லு மாதிரி இருக்குது. மிலிட்டரி கிரேடுங்க. கீழ போட்டுக் காட்டட்டுங்களா?” கல்லைப் போல இருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. கல்மேல் விழப்போகிற பொருளுக்கு இன்னொரு கல்லைச் சுற்றிக்கொடுத்தால், நிற்க வேண்டிய தூரம் ஒரு நூல்கூட அதிகரிக்காது. அடி உறைமேல் விழும், உறை அதை அப்படியே உள்ளே கைமாற்றிவிடும்.

அப்படியானால் கடினமான ஓடு வேண்டவே வேண்டாமா? வேண்டும், இன்னொரு வேலைக்கு. கூரான கல்முனை ஒன்று போனின் முதுகில் பட்டால் அத்தனை விசையும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குகிறது. மென்மையான ரப்பர் உறையை அந்த முனை குழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே விறைப்பான ஒரு தகடு இருந்தால் அந்த விசையை வாங்கிப் பரத்தி, உள்ளே இருக்கும் மென்படலத்திடம் ஒப்படைக்கும். தேர்ந்த உறைகளில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்: வெளியே பாலிகார்பனேட், உள்ளே டிபியு என்று கடைகளில் சொல்லப்படும் பாலியூரித்தேன் வகை. பாலிகார்பனேட்டை 1953-இல் ஜெர்மனியில் பாயர் நிறுவனத்தின் ஹெர்மான் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்தார்கள். நகத்தால் கீறினால்கூடக் கோடு விழும் போலிருக்கும்; சுத்தியலால் அடித்தால் உடையாது. கீறலைத் தாங்குவது ஒரு குணம், உடையாமல் இருப்பது இன்னொரு குணம். கண்ணாடியிடம் முதலாவது இருக்கிறது, பாலிகார்பனேட்டிடம் இரண்டாவது. கொசுவிரட்டி களிம்பு பூசிய கையோடு மட்டும் அதைத் தொடாதீர்கள். களிம்பில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிக் கெடுத்துவிடும்.

உள்ளே இருக்கும் மென்மைக்கும் ஒரு அளவு உண்டு. பஞ்சு போல அமுங்குகிற உறை மோதலின் தொடக்கத்திலேயே முழுக்க அமுங்கிவிடும். மீதி அடியை நேரடியாகப் போன் வாங்கிக்கொள்ளும். விரலால் அழுத்தும்போது எதிர்த்து அழுத்திக்கொண்டே மெதுவாக உள்வாங்க வேண்டும். நான்கு மூலைகளிலும் தடிமன் கூடுதலாக, முடிந்தால் உள்ளே காற்றறை விட்டு, இருக்கிறதா என்று பாருங்கள். போன் தட்டையாக விழுவது அபூர்வம். மூலையில்தான் விழும், பரப்பு குறைவு என்பதால் அங்கேதான் அழுத்தமும் அதிகம்.

‘மிலிட்டரி கிரேடு’ என்பதையும் பார்த்துவிடலாம். அது அமெரிக்கப் படையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனைத் தொகுப்பு. 2008-இல் வந்த ‘ஜி’ பதிப்பின்படி, கையில் எடுத்துச்செல்லும் பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். 26 என்பது வானத்திலிருந்து குதித்த எண் இல்லை. ஒரு பெட்டிக்கு ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை; கூட்டினால் 26. எங்கே விழும் தெரியுமா? கான்கிரீட்மேல் வைத்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகைமேல். அதோடு, 26 வீழ்ச்சிகளையும் ஒரே பொருள் தாங்க வேண்டும் என்றுகூட இல்லை; ஐந்து மாதிரிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். சோதித்தேன் என்று சொல்வது பெரும்பாலும் தயாரிப்பாளரே; அவர் சொன்னது சரியா என்று பார்த்து முத்திரை குத்துகிற அலுவலகம் கிடையாது. சோதனையைக் குறை சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்தால் நல்ல சோதனைதான். ஆனால் சேர்வராயன் மலையில் ஒட்டுப்பலகை விரித்து வைத்திருக்க மாட்டார்கள்.

கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும் என்று நம்பி ஏமாந்த கதை ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1802-இல் சென்னையில் தொடங்கி, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார் வில்லியம் லாம்டன். அவருடைய பெரிய தியோடலைட் என்ற கோண அளவுக் கருவி லண்டனில் வில்லியம் கேரி செய்தது. எடை சுமார் அரை டன். கடல் வழியில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு அறிவியல் கருவி என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது. காவிரிச் சமவெளியில் குன்று கிடையாது. தூரப் பார்வைக்கு உயரம் வேண்டும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு ஊசலாடிப் போய்க் கல்சுவரில் மோதியது. பெட்டி இருந்தும், கோணம் அளக்கும் பித்தளை வட்டம் வட்டமாக இல்லாமல் போயிற்று. அடி விழுந்தது வட்டத்தின் விளிம்பிலிருந்து துருத்திக்கொண்டிருந்த நுண்திருகின் பக்கம். லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய், ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வட்டத்தை மீட்டார். கோணத்தில் ஒரு விகலை பிசகினால் வரைபடம் பிசகும் என்கிற கருவி, அதன்பிறகும் பல்லாண்டு உழைத்தது.

எனக்கு இதில் அந்தத் திருகுதான் கண்ணில் படுகிறது. பெட்டிக்கும் கருவிக்கும் இடையில் நசுங்கக்கூடிய எதுவும் போதுமான அளவு இல்லாதபோது, எது முதலில் துருத்திக்கொண்டிருக்கிறதோ அது எல்லா விசையையும் வாங்கிக்கொள்கிறது. இன்றைய போனில் அந்தத் திருகின் இடத்தில் கேமரா மேடு இருக்கிறது. பின்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பி நிற்கும் அந்த மேட்டைவிட உறையின் விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். முன்பக்கமும் அப்படியே, திரையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டராவது வரப்பு எழும்பியிருக்க வேண்டும். உறையோடு போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, ஒரு ஏடிஎம் கார்டை அடியில் நுழைத்துப் பாருங்கள். கார்டு திரையை உரசாமல் போனால் வரப்பு போதும். கடையிலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது. சமதரையில் விழுந்தால் வரப்பு திரையைக் காப்பாற்றும். கூழாங்கல்மேல் விழுந்தால் காப்பாற்றாது. வரப்புக்கு நடுவே ஒரு கல் புகுந்துவிடும்.

கல் என்று சொல்லும்போது எந்தக் கல் என்பதும் முக்கியம். சேர்வராயன் மலை முழுக்க ‘சார்னொக்கைட்’ என்ற பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னொக்குடைய கல்லறையில் பதித்திருந்த கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் வட்டாரப் பாறைதான் என்று கண்டுகொண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னொக்கின் பெயரையே வைத்தார். ஏற்காட்டில் பக்கோடா பாயிண்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிற கருத்த, எண்ணெய்ப் பளபளப்புள்ள பாறை அதுதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ஸ்பார் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தும் மோஸ் அளவையில் ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. போன் கண்ணாடி ஆறாம் எண்ணில் கீறல் விட ஆரம்பித்து ஏழில் ஆழமாக விடும். வீட்டுச் சாவியோ அந்த ஆறை எட்டுவதில்லை. பையில் சாவியோடு போட்டதால் கீறல் விழுந்தது என்று நாம் சொல்வது பெரும்பாலும் சாவிமேல் அபாண்டம். பையின் மூலையில் கிடந்த மணல் செய்த வேலை அது.

கீறல் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. கண்ணாடி ஏன் கணக்குப்படி இருக்க வேண்டிய பலத்தில் சிறு பங்கைக்கூடக் காட்டுவதில்லை என்ற கேள்விக்கு 1921-இல் ஆலன் கிரிஃபித் பதில் சொன்னார். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. கண்ணாடி இழுபடும்போது விசை முழுவதும் அந்த வெடிப்பின் நுனியில் போய்க் குவிகிறது. வெடிப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு சின்ன இழுப்பே போதும், ஓடிவிடும். ஆகவே போன் கண்ணாடி செய்கிறவர்கள் வெடிப்பை ஒழிக்கப் பார்ப்பதில்லை, அதன் வாயை அழுத்தி மூடப் பார்க்கிறார்கள். அலுமினியம் கலந்த கண்ணாடியைச் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் முக்குகிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் அயனிகள் வெளியேறி, அந்த இடத்தில் அவற்றைவிடப் பருத்த பொட்டாசியம் அயனிகள் உட்காருகின்றன. ஏற்காடு பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று உட்கார்ந்தால் எப்படி எல்லோரும் நெருக்கிக்கொள்கிறார்களோ, அப்படி மேற்பரப்பு முழுவதும் நெருக்கத்தில் இருக்கிறது. இழுவிசை முதலில் இந்த நெருக்கத்தைத் தளர்த்தினால்தான் வெடிப்பைத் திறக்க முடியும். கார்னிங் நிறுவனம் 1960-களிலேயே இதைச் செய்துவிட்டு வாங்க ஆளில்லாமல் மூட்டைகட்டி வைத்திருந்தது. 2007-இல் ஐபோன் வந்தபோது தூசு தட்டி எடுத்தார்கள்.

இந்த நெருக்கமான அடுக்கின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். குவார்ட்ஸ் மணி ஒன்று அதைத் தாண்டிக் கீறிவிட்டால், அந்த இடத்தில் கண்ணாடி மறுபடி சாதாரணக் கண்ணாடி. “சும்மா மெத்தைமேலதான் விழுந்தது, உடைஞ்சுபோச்சு” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. உடைந்தது அன்றைக்கு, உடைவதற்கான கீறல் ஆறு மாதத்துக்கு முன் விழுந்தது. திரைமேல் ஒட்டும் டெம்பர்டு கிளாஸின் பெரிய உபயோகம் இங்கேதான். விழும்போது அது எவ்வளவு காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு; அன்றாடக் கீறலைத் தான் வாங்கிக்கொண்டு, அசல் கண்ணாடியின் நெருக்க அடுக்கைக் கன்னி கழியாமல் வைத்திருக்கும். நூறு ரூபாய்க்கு அது நல்ல பேரம்.

உறைக்கும் இதில் ஒரு பாவம் உண்டு. போனுக்கும் உறைக்கும் இடையில் நுழைந்த மணல் வெளியே போக வழியில்லை. நாள் முழுக்க அங்கேயே உரசிக்கொண்டிருக்கும். விறைப்பான ஓடு மட்டும் உள்ள உறையில் இது இன்னும் மோசம். மென்மையான உட்புறமாவது மணலைத் தன்மேல் புதைத்துக்கொள்ளும். மலைக்குப் போய் வந்த அன்று உறையைக் கழற்றிக் குழாயில் கழுவுங்கள், துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். கோயில் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது துணியில் பட்டால் போகாது, ஆனால் அதன் பெரும்பகுதி கண்ணாடியைவிட மென்மையானது. பயப்பட வேண்டியது அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணிகளுக்கு.

அந்தச் செம்மண் வெறும் மண்ணும் இல்லை. சார்னொக்கைட் பாறை கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்து, கரையாத அலுமினியமும் இரும்பும் மிஞ்சி நிற்கிற பாக்சைட் தொப்பி அது. 1960-களில் மேட்டூரில் தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் பாக்சைட் வெட்டி இறக்கினார்கள். போனின் சட்டத்தில் அலுமினியம், கண்ணாடிக்குள் அலுமினியம் ஆக்சைடு, சில போன்களின் கேமராவை மூடியிருக்கும் நீலக்கல் வில்லையோ முழுக்கவே அலுமினியம் ஆக்சைடு. விழுகிற போனும் விழுந்த மலையும் சொந்தக்காரர்கள்தான்.

ஆனால் அலுமினிய உறை வாங்காதீர்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் மூன்று மைக்ரானுக்குக் குறைவான ஆழத்திலேயே மங்கிவிடும். சாப்பாடு சுற்றுகிற ஃபாயில் தாள் அதைவிடப் பல மடங்கு தடிமன். போன் தயாரிப்பாளர்கள் உலோகச் சட்டத்தை அங்கங்கே வெட்டி ஆன்டெனாவுக்கு வழி விட்டிருப்பார்கள், அதன்மேல் நாம் ஒரு தகட்டை மாட்டினால் அந்த வழி அடைபடும். மலையில் ஏற்கனவே சிக்னல் ஒரு கோடுதான். கோபுரம் கேட்கவில்லை என்றால் போன் கூடுதல் சக்தியோடு கத்தும், மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். காந்தப் பட்டன் வைத்த மடிப்பு உறையும் இங்கே உதவாது. திசைகாட்டி தப்பாகக் காட்டும்.

இதுவரை சட்டைப் பை போன். கேமரா, கையடக்க ஜிபிஎஸ், மருத்துவக் கருவி என்று எடுத்துக்கொண்டு மலைக்கு வருபவர்கள் நாடுவது வேறொரு வகை: ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி. 1976-இல் கலிபோர்னியாவில் டேவ் பார்க்கர் தொடங்கிய பெலிக்கன் நிறுவனத்தின் பெட்டிகள் இதில் பேர்பெற்றவை. அதே மாதிரியில் இப்போது பலர் செய்கிறார்கள். இந்தப் பெட்டிக்குள் இரண்டு சென்டிமீட்டர் நுரை இருக்கும். அது ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் நமது பழைய கணக்குப்படி ஒரு மீட்டர் வீழ்ச்சி நூறு மடங்கு விசையோடு முடிந்துவிடும். லாம்டனுக்குக் கிடைக்காத சொகுசு. மழை, தூசி, கூர்க்கல் எதுவும் உள்ளே வராது. ஆனால் ஒன்றும் உள்ளே வராது என்றால் ஒன்றும் வெளியேயும் போகாது. மலைப்பாதையில் இதுதான் வில்லங்கம்.

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு வரும்போது உப்பிப் புடைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், கோயில் சுமார் 1,620 மீட்டர். இடையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறது. பாக்கெட் உப்பும், விறைப்பான பெட்டி உப்பாது, தாங்கிக்கொள்ளும். திரும்பி இறங்கும்போதுதான் வேடிக்கை. கோயில் வாசலில் திறந்து படம் எடுத்துவிட்டு இறுக மூடிய பெட்டிக்குள் இருப்பது மலை உச்சியின் மெல்லிய காற்று. கீழே வெயிலில் அது சற்றுச் சூடாகி அழுத்தம் கூடினாலும் சேலத்துக் காற்றை எட்டாது. இருபது சென்டிமீட்டருக்குப் பத்து என்ற அளவுள்ள மூடிமேல் வெளிக்காற்று 20 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். கொக்கி விடுபட்ட பிறகும் மூடி அசையாது. “ஜாம் ஆயிடுச்சு” என்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ரப்பர் வளையத்தைக் கிழித்தவர்கள் உண்டு.

இதற்குத்தான் பெட்டியின் முன்பக்கம் ஒரு சிறு குமிழ் இருக்கும். பழைய வகையில் கையால் திருகிக் காற்றை உள்ளே விட வேண்டும். புதிய வகையில் திருகத் தேவையில்லை. பாப் கோர் 1969-இல் டெஃப்லானை வேகமாக இழுத்து உருவாக்கிய நுண்துளைப் படலத்தின் வழித்தோன்றல் ஒன்று அங்கே பதிந்திருக்கும். துளைகள் காற்றை விடும், தண்ணீர்ச் சொட்டை விடாது. நீர்புகாப் போன்களுக்குள்ளும் இதே படலம் உண்டு, இல்லாவிட்டால் விமானத்திலும் மலையிலும் திரை ஒட்டுப்பசை நாளடைவில் விட்டுப்போகும். பெட்டி வாங்கும்போது அந்தக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்தது மூடுபனி. பனி வெளியேதானே, பெட்டி மூடித்தானே இருக்கிறது என்று தோன்றும். சேலத்தில் 32 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்றைப் பெட்டிக்குள் அடைத்து, மாலையில் 17 டிகிரியில் இருக்கும் மலைக்குக் கொண்டுபோகிறோம். 17 டிகிரிக் காற்றால் பதினான்கரை கிராமுக்கு மேல் சுமக்க முடியாது. மிச்சம் தண்ணீராக இறங்கியாக வேண்டும், பெட்டிக்குள்ளேயே. ஒரு லிட்டர் பெட்டி என்றால் சுமார் ஆறு மில்லிகிராம்; ஒரு சொட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. சர்க்யூட்டை நனைக்க அது போதாது, லென்ஸின் உட்பக்கத்தில் புகை படிந்தது போல் மங்கலாக்கத் தாராளமாகப் போதும். ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இந்த ஆறு மில்லிகிராமைக் கூச்சலில்லாமல் குடித்துவிடும். தன் எடையில் கால்பங்குக்கு மேல் ஈரம் ஏற்கும் பொருள் அது. ஆனால் வருஷக் கணக்கில் பெட்டியில் கிடந்த பொட்டலம் ஏற்கனவே வயிறு நிரம்பியிருக்கும். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது நிரம்பியது என்று தெரியும். வெயிலில் காயவைத்தால் முழுக்க உலராது, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும்.

நனைந்த கைக்குட்டையையோ மழையில் நனைந்த கருவியையோ உள்ளே வைத்து மூடினால் சிலிக்கா ஜெல் ஒன்றும் செய்யாது. ஈரம் மில்லிகிராமிலிருந்து கிராமுக்குப் போய்விட்டது. ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் கேமராவைத் தோல் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்ட மாட்டார்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆறு மாதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாக ஓடியிருக்கும். நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைப்பதையும் விட்டுவிடலாம். அரிசி பெரிதாக உறிஞ்சாது, மாவுத் துகள் சார்ஜர் துளைக்குள் போகும்.

போன் வந்த பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐபி67, ஐபி68 என்ற எண்களும் இந்தக் கணக்கில் வரும். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். ஆறு என்றால் தூசி புகாது, சோதனை முகப்பவுடர் செய்கிற டால்க் துகளை வைத்து. ஏழு என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரைமணி நேரம். எல்லாம் புதுப் போனுக்கு. திரை உடைந்து ஒருமுறை கடையில் மாற்றியிருந்தால் அந்த ஒட்டுப்பசை முன்போல் உட்கார்ந்திருக்கும் என்று எவரும் உறுதி கொடுக்க மாட்டார்கள். மாற்றிய போனுக்கு மழையில் ஒரு பிளாஸ்டிக் பவுச் வேண்டும், அந்தப் பெட்டியில் என்ன எண் அச்சிட்டிருந்தாலும்.

யாருக்கு எது என்பது வேலையைப் பொறுத்தது. சேலம்–ஏற்காடு பஸ் நடத்துநரின் டிக்கெட் மெஷினை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது. ஒரு பக்கம் காகிதம் வெளியே வர வேண்டும், எந்நேரமும் கட்டைவிரல் பட்டன்மேல் இருக்க வேண்டும், வளைவில் பஸ் சாயும்போது மற்றொரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். மூலைகளில் ரப்பர், கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு பட்டை. அதற்கு மேல் போட்டால் வேலை நடக்காது. காட்டுக்குள் நடக்கிறவரின் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பிறக்கும்போதே தடித்த ரப்பர் விளிம்போடு பிறந்தது, அதற்கு இன்னொரு உறை வெறும் சுமை. நாள் முழுக்க வீடியோ எடுக்கிறவருக்குத் தடிமனான உறையே எதிரி: உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் போடும்போது உறையைக் கழற்றிவைப்பது பேட்டரிக்கு நல்லது.

கோயிலுக்கு வந்துபோகிற மற்றவர்களுக்கு இரட்டை அடுக்கு உறை போதும்: விறைப்பான முதுகு, மென்மையான உள், தடித்த மூலை, கார்டு நுழைகிற வரப்பு. ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், இரண்டாயிரம் ரூபாய் உறை இதைவிட நான்கு மடங்கு காப்பாற்றாது. கூடவே, உறையின் கீழ் மூலையில் கயிறு கோக்கும் துளை இருக்கிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். கயிறு கட்டிய போன் குனியும்போது பையிலிருந்து நழுவினாலும் பாதி வழியில் நின்றுவிடும், உயரம் என்ற எண்ணே கணக்கிலிருந்து போய்விடும். ஏற்காட்டின் ‘லேடீஸ் சீட்’ காட்சிமுனையில் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு வேறெந்த உறையும் உதவாது. ஏரிக்கரைக் குரங்குகளிடமிருந்தும் கயிறுதான் காப்பாற்றும். அவை பாலிகார்பனேட்டா டிபியுவா என்று பார்த்துப் பிடுங்குவதில்லை.